இடைக்காலப் பிரெஞ்சு இயற்பெயர் ‘ரெனார்த்’: பிறப்பும் பொருள்மாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

இன்றைய பிரெஞ்சு மொழியில் நரியைக் குறிக்கும் பொதுப்பெயர் ‘ரெனார்’ என்பதாகும். இச்சொல் தொடக்கத்தில் எந்த விலங்கையும் குறித்ததன்று. பிராங்கியர் வழியாகப் பிரெஞ்சு நிலத்தில் பரவிய ஆண்பாற் பெயர்களுள் ஒன்றாகவே இது வழங்கியது. 12ஆம் நூற்றாண்டில் விலங்குக் கதையொன்றின் தலைமை மாந்தனுக்கு இடப்பட்ட இப்பெயர், இடைக்காலத்தின் இறுதிக்குள் நரியினம் முழுமைக்கும் உரிய பெயராயிற்று. நரிக்கு முன்பு வழங்கிய ‘கூப்பில்’ என்னும் சொல் வழக்கிழந்தது. கதையின் புகழே இம்மாற்றத்திற்குக் காரணம் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். அதே கதை அதே புகழுடன் வழங்கிய ஜெர்மன், டச்சு மொழிகளில் இம்மாற்றம் நிகழாமையை முன்வைத்து அவ்விளக்கம் போதாது என இக்கட்டுரை வாதிடுகிறது. பழைய சொல் தளர்ந்த காரணம் வேறு, புதிய சொல் தேர்வான காரணம் வேறு எனப் பிரித்துக் காண்பதே பொருத்தமுடையது என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: இயற்பெயர், பொதுப்பெயர், ஆகுபெயர், சொற்பிறப்பு, பழம்பிரெஞ்சு, ரெனார்த், கூப்பில்.

முன்னுரை

ஒரு பெயரின் பொருள் யாது என்னும் வினாவிற்குப் பெரும்பாலும் அப்பெயரின் உறுப்புகளைப் பிரித்து விடை கூறுவது வழக்கம். பெயரகராதிகளும் குழந்தைப் பெயர் நூல்களும் அவ்வாறே செய்கின்றன. சொற்பொருளின் காரணம் எளிதில் விளங்கத் தோன்றாது எனத் தொல்காப்பியர் உரியியலில் கூறிய கருத்து இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தோன்றாத காரணத்தைத் தேடிக் காண்பது சொற்பிறப்பியலின் பணி. எனினும், அவ்வாறு கண்ட காரணமே அச்சொல்லை வழங்கிய மக்கள் உணர்ந்த பொருள் எனக் கொள்ளுதல் பிழையாகலாம். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை ‘ரெனார்த்’ என்னும் பெயரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இக்கட்டுரையில் பழம்பிரெஞ்சு வடிவம் ‘ரெனார்த்’ எனவும், இற்றைப் பிரெஞ்சு வடிவம் ‘ரெனார்’ எனவும் எழுதப்படுகின்றன. பழம்பிரெஞ்சில் ஒலிக்கப்பெற்ற இறுதி மெய் பிற்காலத்தில் ஒலிப்பிழந்து எழுத்தில் மட்டும் எஞ்சியமையே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். ‘கூப்பில்’ என்பதன் முதலெழுத்தைக் ‘கங்கை’ என்பதன் வடமொழி ஒலிப்பில் உள்ளதுபோல் ஒலிப்புடைய ககரமாகக் கொள்க. தமிழில் ‘நரி’ என்னும் சொல் ஓரினத்திற்கு மேற்பட்ட விலங்குகளைச் சுட்டும். ஐரோப்பியக் கதைகளில் வருவது செந்நரியாகும்.

1. பெயரின் உறுப்புகள்

ரெனார்த் என்பதன் மூலவடிவம் ‘ரகின்ஹார்ட்’ என்னும் ஜெர்மானியக் கூட்டுப்பெயர். இதன் முன்னுறுப்பாகிய ‘ரகின்’ என்பதற்கு அறிவுரை, தீர்ப்பு, மேலோர் முடிபு என்பன பொருள்களாம். கோத்திய மொழியில் இச்சொல் அறிவுரை, ஆணை என்னும் பொருள்களில் வழங்கியது. பழைய நோர்ஸ் மொழியில் இதன் இனச்சொல் உலகை ஆளும் தெய்வங்களைக் குறித்தது. பின்னுறுப்பாகிய ‘ஹார்ட்’ என்பதற்கு வன்மை, உறுதி, துணிவு என்பன பொருள். எனவே, உறுப்புகளைக் கூட்டின் ‘அறிவுரையில் வலியவன்’ என்னும் பொருள் கிடைக்கும்.

இவ்விரு உறுப்புகளும் வேறு பல பெயர்களிலும் பயின்று வருகின்றன. ‘ரகின்’ என்பதை முன்னுறுப்பாகக் கொண்டவை ரெனோ, ரெனியே, ரேமோன் முதலிய பிரெஞ்சுப் பெயர்கள். ‘ஹார்ட்’ என்பதைப் பின்னுறுப்பாகக் கொண்டவை பெர்னார், ஜெரார், ரிஷார் முதலியன. அதாவது, ரகின்ஹார்ட் தனித்து ஆக்கப்பட்ட அரிய பெயரன்று. பெரியதோர் உறுப்புத் தொகுதியிலிருந்து இயல்பாக அமைந்த பெயர்.

5ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிராங்கியர் கால் நாட்டில் ஆட்சியை நிறுவிய பின்னர், அங்கு வாழ்ந்த இலத்தீன்வழி மொழியினரும் ஆளுவோரின் பெயர்களைத் தம் மக்களுக்கு இடத் தொடங்கினர். பிராங்கிய மொழி சில நூற்றாண்டுகளில் அந்நிலத்தில் வழக்கொழிந்தது; பெயர்கள் நிலைத்தன. இலத்தீன் ஆவணங்களில் இப்பெயர் ரெகினார்துஸ், ரைனார்துஸ் முதலிய வடிவங்களில் காணப்படுகிறது. 1025 முதல் 1037 வரை லியேஜ் நகரின் ஆயராக இருந்தவர் இப்பெயர் தாங்கியவரே. மக்கள் வாய்மொழியில் இரண்டு உயிர்களுக்கு இடைப்பட்ட ககரம் தேய்ந்தது, ஹகரம் ஒலியிழந்தது, சொல்லிறுதியில் நின்ற ஒலிப்புடைய மெய் ஒலிப்பிலா மெய்யாயிற்று. இம்மூன்று திரிபுகளின் விளைவே ‘ரெனார்த்’ என்னும் வடிவம்.

2. உறுப்புப்பொருளும் பெயர்ப்பொருளும்

ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1834இல் வெளியிட்ட ‘ரைன்ஹார்ட் ஃபுக்ஸ்’ என்னும் நூலில், நரிக்கு இப்பெயர் அமைந்தது தற்செயலன்று எனக் கருதினார். கதையில் நரி அரசனாகிய சிங்கத்திற்குச் சூழ்ச்சி கூறுவது. பெயரோ அறிவுரையில் வல்லவன் எனப் பொருள்படுவது. எனவே, அப்பெயர் இன்னும் பொருள் விளங்க வழங்கிய தொன்மைக் காலத்திலேயே விலங்குக் கதைகள் பிராங்கியரிடையே இருந்திருத்தல் வேண்டும் என்பது அவர் முடிபு. அழகிய பொருத்தமுடைய இவ்விளக்கம் நெடுங்காலம் செல்வாக்குடன் விளங்கியது. ஆயினும் இதனை ஏற்பதற்கு மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, ஜெர்மானியக் கூட்டுப்பெயர்களின் அமைப்புமுறை பற்றியது. அப்பெயர்களில் இரண்டு உறுப்புகள் இணைவது ஒரு தொடர்ப்பொருளைத் தருவதற்காக அன்று. ‘ஹில்டெகுண்ட்’ என்னும் பெண்பாற் பெயரில் இரண்டு உறுப்புகளுக்கும் ‘போர்’ என்பதே பொருள். ‘போர்ப்போர்’ எனப் பொருள்கொள்வார் இலர். பெற்றோர் பெயர்களிலிருந்து ஒவ்வோர் உறுப்பை எடுத்து மக்களுக்குப் பெயரிடுதல் பரவலான வழக்கமாக இருந்தது. பாரீசின் சான்-ஜெர்மேன்-தெ-ப்ரே மடத்தில் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடத்தலைவர் இர்மினோன் காலத்தில் எழுதப்பெற்ற நிலப்பதிவேட்டில், உழவர் குடும்பங்களிலும் இவ்வழக்கத்தைக் காணமுடிகிறது. ஆகவே, உறுப்புகள் பொருளைக் காட்டிலும் குடிவழியையே உணர்த்தின எனலாம்.

இரண்டாவது, கால இடைவெளி பற்றியது. நரிக்கு இப்பெயர் இடப்பட்டதற்குக் கிடைக்கும் முதல் இலக்கியச் சான்று ‘இசென்கிரிமுஸ்’ என்னும் இலத்தீன் காப்பியம். கென்ட் நகரத்தோடு தொடர்புடைய இந்நூல் நிவார்துஸ் என்பார் பெயரில் வழங்குகிறது. இதன் காலம் ஏறத்தாழ 1148-1149. அதில் நரியின் பெயர் ரெய்னார்துஸ். அதன்பின் எழுந்த பிரெஞ்சுக் கதைகளைக் கேட்டவர்களுக்குப் பிராங்கிய மொழி தெரியாது. தேய்ந்து திரிந்த ‘ரெனார்த்’ என்னும் வடிவத்திலிருந்து ‘ரகின்’, ‘ஹார்ட்’ என்பனவற்றை அவர்கள் பிரித்துணர்ந்திருக்க இயலாது.

மூன்றாவது, கதையில் வரும் பிற பெயர்களின் இயல்பு பற்றியது. இது அடுத்த பகுதியில் விளக்கப்பெறுகிறது.

3. கதையுலகில் ரெனார்த்

‘ரோமான் தெ ரெனார்’ என இன்று வழங்கும் பழம்பிரெஞ்சுக் கதைத்தொகுதி ஒரே புலவரால் ஒரே காலத்தில் இயற்றப்பெற்றதன்று. எட்டசை கொண்ட இரட்டையடிகளால் அமைந்த இத்தொகுதியின் பகுதிகள் ‘கிளைகள்’ எனப்படுகின்றன. அவை இருபதுக்கும் மேற்பட்டவை. மிகப் பழைய கிளைகள் பியேர் தெ சான்-க்ளூ என்பவரால் ஏறத்தாழ 1174-1177 காலப்பகுதியில் இயற்றப்பெற்றவை எனக் கொள்ளப்படுகின்றன. 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை புதிய கிளைகள் தோன்றிக்கொண்டிருந்தன. இக்கதைகள் மக்கள் வாய்மொழி மரபில் வேர்கொண்டவை என்பது லெயோபோல் சூத்ர் 1893இல் முன்வைத்த கருத்து. இலத்தீன் கற்ற கல்வியாளர் இயற்றிய எழுத்திலக்கியமே இவை என்பது லூசியான் ஃபூலே 1914இல் நிறுவ முயன்ற மாற்றுக் கருத்து.

இத்தொகுதியில் விலங்குகளுக்கு அமைந்த பெயர்களை இருவகைப்படுத்தலாம். பிரெஞ்சு மொழியிலேயே பொருள் விளங்குவன ஒருவகை. அவற்றைக் காரணப்பெயர் என்னும் நம் இலக்கணச் சொல்லால் குறிக்கலாம். சேவலின் பெயராகிய சான்தக்ளேர் ‘தெளிவாகப் பாடுவோன்’ எனப் பொருள்படும். சிங்கத்தின் பெயர் நோபிள், அதாவது ‘உயர்குடியினன்’. கரடியின் பெயர் ப்ருன், அதாவது ‘பழுப்பன்’. முயலின் பெயர் கூவார்த், அதாவது ‘கோழை’. மனிதர் வழங்கிய இயற்பெயர்கள் மற்றொரு வகை. கழுதையின் பெயர் பெர்னார்த். பூனையின் பெயர் திபேர்த். வளைக்கரடியின் பெயர் கிரிம்பேர்த். இவற்றுக்கும் அவ்விலங்குகளின் இயல்புக்கும் சொற்பொருள் வழியில் தொடர்பில்லை. எடுத்துக்காட்டாக, பெர்னார்த் என்பதன் முன்னுறுப்புக்குக் ‘கரடி’ என்பது பொருள். ஆயினும் அப்பெயர் கழுதைக்கே இடப்பட்டுள்ளது. உறுப்புப்பொருளைப் புலவர் கருதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ரெனார்த் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. அப்பெயரின் சுவை அதன் பொருளில் இல்லை. அதன் பொருளின்மையில் உள்ளது. அண்டை வீட்டானுக்கும் ஆயருக்கும் உரிய பெயரை நரி தாங்கி நிற்கும்போதே, விலங்குகளின் அவை மனிதரின் அவையாகத் தோற்றம் கொள்கிறது. மன்னன் முன் நடைபெறும் வழக்கும் குற்றவாளியின் பொய்ச்சூளும் எள்ளலுக்கு ஆளாவது இதனாலேயே. ‘அறிவுரையில் வலியவன்’ என்னும் பொருள் கேட்போர்க்கு விளங்கியிருப்பின், ரெனார்த் காரணப்பெயராகியிருக்கும். எள்ளலின் கூர்மை குறைந்திருக்கும்.

4. இயற்பெயர் பொதுப்பெயரான படிநிலைகள்

பழைய கிளைகளில் ‘கூப்பில்’, ‘ரெனார்த்’ என்னும் இரண்டு சொற்களும் தத்தம் எல்லையில் நிற்கின்றன. கூப்பில் என்பது இனப்பெயர். ரெனார்த் என்பது அவ்வினத்துள் ஒருவனின் பெயர். ‘ரெனார்த் என்னும் கூப்பில்’ என்ற அமைப்பில் இரண்டும் சேர்ந்து வருதலும் உண்டு.

இரண்டாம் நிலையை 24ஆம் கிளை என எண்ணப்பெறும் பகுதி காட்டுகிறது. விலங்குகளின் தோற்றத்தைக் கூறும் பகுதி அது. ஏதேன் தோட்டத்திலிருந்து நீக்கப்பெற்ற ஆதாமும் ஏவாளும் கோலொன்றால் கடலை அடிக்க, ஆதாமின் அடியில் மனிதர்க்குப் பயன்படும் விலங்குகளும், ஏவாளின் அடியில் காட்டு விலங்குகளும் தோன்றுகின்றன. கூப்பிலும் பின்னவற்றுள் ஒன்று. அவ்விடத்தில் புலவர், அறிவும் தந்திரமும் உடைய மாந்தர் அனைவரும் இனி ரெனார்த் என்றே அழைக்கப்படுவர் என்னும் கருத்தைத் தெரிவிக்கிறார். இது நம் இலக்கணத்தார் கூறும் உவமையாகுபெயரோடு ஒத்தது. ‘பாவை’ என்பது பெண்ணுக்கு ஆகி வருதல்போல, ரெனார்த் என்பது வஞ்சகனுக்கு ஆகி வந்தது. இச்சொல்லிலிருந்து ‘ரெனார்தி’ என்னும் பண்புப்பெயரும் தோன்றி, சூழ்ச்சி என்னும் பொருளில் வழங்கியது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ருத்பெஃப், லில் நகரத்து ஜாக்மார் ஜியெலே ஆகியோர் இயற்றிய படைப்புகளில் ரெனார்த் என்பது பொய்மையும் வஞ்சமும் உருவெடுத்த ஒன்றாகவே நிற்கிறது.

மூன்றாம் நிலையில், கதைக்கு வெளியே காட்டில் திரியும் எந்த நரியும் ரெனார்த் எனப்பட்டது. இடைக்காலத்தின் இறுதிக்குள் இவ்வழக்கு நிலைபெற்றது. 16ஆம் நூற்றாண்டில் கூப்பில் பழஞ்சொல்லாகிவிட்டது. இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. மனிதனின் பெயர் கதைநரிக்கும், அதிலிருந்து வஞ்சக மனிதனுக்கும், பின்னர் நரியினத்துக்கும் சென்றுள்ளது. அதாவது, இயற்பெயருக்கு முன்பு இல்லாத பொருளொன்று இடையில் ஊட்டப்பெற்ற பின்னரே அது பொதுப்பெயராகும் தகுதி பெற்றது. அப்பொருளைத் தந்தது சொற்பிறப்பன்று; வழக்கு.

5. ‘கூப்பில்’ வழக்கிழந்தது ஏன்?

5.1 புகழ் என்னும் காரணம்

கதையின் பெரும்புகழால் தலைமை மாந்தனின் பெயர் இனப்பெயரை விலக்கியது என்பது எளிய விளக்கம். இவ்விளக்கம் பிரெஞ்சு ஒன்றையே நோக்கும்வரை நிறைவளிக்கும். அயல்மொழிகளை நோக்கின் நிறைவளிக்காது. ஹைன்ரிஷ் என்பார் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கதையை ஜெர்மனில் இயற்றினார். 13ஆம் நூற்றாண்டில் வில்லெம் என்பார் டச்சு மொழியில் இயற்றிய காப்பியம் அம்மொழியின் இடைக்கால இலக்கியத்துள் தலைசிறந்தவற்றுள் ஒன்று. டச்சுவழி மொழிபெயர்ப்பைக் காக்ஸ்டன் 1481இல் ஆங்கிலத்தில் அச்சிட்டார். கேதே 1794இல் ‘ரைனெக்கெ ஃபுக்ஸ்’ என மீண்டும் பாடினார். இத்தனை புகழிருந்தும் ஜெர்மனில் ஃபுக்ஸ், டச்சில் வோஸ், ஆங்கிலத்தில் ஃபாக்ஸ் என்னும் இனப்பெயர்கள் சற்றும் அசையவில்லை. ஆங்கிலத்தில் ரெனார்ட் என்பது நரிக்குரிய கதைப்பெயராகவே நின்றுவிட்டது.

பிரெஞ்சுக்குள்ளேயும் ஒரு தடை உண்டு. லான் நகரில் 1112இல் நிகழ்ந்த கிளர்ச்சியைப் பற்றி நோழான் நகரத்து கிபேர் என்னும் மடத்தலைவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். ஓநாயின் முகச்சாயல் உடைய ஒருவனை ஆயர் கோத்ரி ‘இசென்கிரின்’ என அழைத்து வந்தார். ஓநாய்களைச் சிலர் அப்பெயரால் அழைப்பது வழக்கம் எனவும் கிபேர் குறிப்பிடுகிறார். கிளர்ச்சியின்போது பீப்பாய்க்குள் ஒளிந்திருந்த ஆயரைக் கண்டுபிடித்த அம்மனிதன், இங்கே இருப்பது இசென்கிரின் துரைதானோ என அப்பெயரையே திருப்பிக் கேட்டு எள்ளினான். இதனால், ரெனார்த்துக்குக் கிடைக்கும் முதற்சான்றுக்கு ஒரு தலைமுறை முன்னரே ஓநாய்க்கு இயற்பெயரொன்று பொதுவாக வழங்கத் தொடங்கிவிட்டது என அறியமுடிகிறது. ஆயினும் ஓநாயின் இனப்பெயராகிய ‘லூ’ இன்றும் நிலைத்துள்ளது. இசென்கிரின் கதையோடு நின்றது. சான்தக்ளேர், திபேர்த் ஆகியனவும் அவ்வாறே. எனவே புகழ் தேவையான காரணமாகலாம், போதிய காரணமாகாது.

5.2 மங்கல வழக்கு

வேட்டை விலங்கின் பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்னும் அச்சத்தால் மாற்றுப்பெயர் இடுதல் பல மொழிகளில் காணப்படும் வழக்கம். கரடியின் பெயர் தொடர்பாக அந்த்வான் மேயே 1906இல் இக்கருத்தை விளக்கினார். நம் இலக்கணத்தார் இதனை மங்கலம் என்னும் தகுதி வழக்குள் அடக்குவர். நாகத்தை ‘நல்லபாம்பு’ என வழங்குவதை இதனோடு ஒப்புநோக்கலாம்.

கோழிக்கூட்டிற்குள் புகும் மற்றொரு சிறுவிலங்காகிய மரநாயின் இனத்தது பிரெஞ்சில் ‘பெலெத்’ எனப்படுகிறது. ‘சிற்றழகி’ என்பது அதன் பொருள். இலத்தீன் முஸ்தேலாவின் வழிவந்த பழஞ்சொல் அதற்கு இடம் விட்டு அகன்றது. நரியின் நிலையும் அத்தகையதே. ‘வுல்பேஸ்’ என்னும் இலத்தீன் சொல் இத்தாலியத்திலும் ருமேனியத்திலும் நிலைத்துள்ளது. ஆனால் மேற்கே போர்த்துகீசியத்தில் ‘ரபோசா’ என வேறொரு சொல் வழங்குகிறது. வால் என்னும் சொல்லடியாகப் பிறந்தது அது. ஸ்பானியத்தில் ‘சோரோ’ வழங்குகிறது. கத்தலானியத்தில் வழங்கும் ‘கினேவ்’ என்பது ‘வினிஹில்ட்’ என்னும் ஜெர்மானியப் பெண்பாற் பெயரின் திரிபு எனச் சொற்பிறப்பறிஞர் கொரொமினஸ் காட்டியுள்ளார்.

இச்செய்தி மிக இன்றியமையாதது. ரெனார்த் கதை புகழ்பெற்ற நிலத்திற்கு வெளியிலும், இலத்தீனின் மேற்குக் கிளைமொழிகளில் நரியின் பழம்பெயர் தளர்ந்து, அடைமொழியோ இயற்பெயரோ அவ்விடத்தைப் பிடித்துள்ளது. ஆகவே, பழம்பெயரின் தளர்ச்சி கதையால் விளைந்ததன்று. எனினும் மங்கல வழக்கு ஒன்றே காரணம் எனவும் கூறவியலாது. மிகுதியாக அஞ்சப்பெற்ற ஓநாய் பிரெஞ்சில் தன் பெயரை இழக்கவில்லை என்பது இக்கருத்துக்கு எதிர்நிற்கும் சான்று.

5.3 வடிவ நிலையின்மை

வுல்பேஸ் என்பதன் குறுமைப்பெயர் வுல்பேகுலா. அதன் ஆண்பாற் பேச்சு வடிவத்திலிருந்து பிறந்தது கூப்பில். இலத்தீன் வகரம் இங்கு ககரமானது பிராங்கிய ஒலிப்பின் தாக்கத்தால். குளவியைக் குறிக்கும் ‘வெஸ்பா’ பிரெஞ்சில் ‘கேப்’ ஆனதும் இவ்வாறே. ஆனால் இம்மாற்றம் எங்கும் ஒருபடித்தாக நிகழவில்லை. ககரத்தை முதலாகக் கொண்ட வடிவங்களும், வகரத்தை முதலாகக் கொண்ட வடிவங்களும், இடையில் லகரம் அல்லது ரகரம் பெற்றவையும் பெறாதவையுமாகப் பழம்பிரெஞ்சில் இச்சொல் பலவாறு வழங்கியது. வடக்கில் கூப்பிலியேர் எனவும் தென்கிழக்கில் லா வெர்பிலியேர் எனவும் இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர்கள் நரியின் பழம்பெயரடியாகப் பிறந்து, இவ்வேறுபாட்டைத் தம்முள் காத்து நிற்கின்றன. ஓநாய், பூனை, சேவல் ஆகியவற்றின் பெயர்கள் ஓரசைச் சொற்களாய் உறுதியுடன் நிற்க, நரியின் பெயர் மட்டும் வட்டாரந்தோறும் வேறுபட்டது. எழுத்துமொழி வழியாக எங்கும் ஒரே வடிவில் பரவிய ரெனார்த், இந்நிலையில் பொதுச்சொல்லாகும் வாய்ப்பினைப் பெற்றது எனலாம்.

5.4 ‘-ஆர்த்’ விகுதி

ஹார்ட் என்னும் உறுப்பு பிரெஞ்சில் தன் பொருளை இழந்த பின்னரும் அழிந்துவிடவில்லை. ‘-ஆர்த்’ என்னும் விகுதியாக மாறிப் புதிய சொற்களை ஆக்கியது. அவை பெரும்பாலும் ஒருவரை இகழ்ச்சிக் குறிப்புடன் சுட்டுவன. வால் என்னும் சொல்லடியாகப் பிறந்து கோழையைக் குறிக்கும் ‘கூவார்த்’, முதியவனைக் குறிக்கும் ‘வியெயார்த்’ ஆகியன எடுத்துக்காட்டுகள். விலங்குப்பெயரிலும் இவ்விகுதி உண்டு. வாத்தைக் குறித்த பழஞ்சொல் ‘ஆன்’, கழுதையைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் மயங்கும் நிலை எய்தியபோது, ‘கனார்’ என்னும் இவ்விகுதி பெற்ற சொல் அவ்விடத்திற்கு வந்தது.

முயலின் பெயராகிய கூவார்த், முன்பே ‘கோழை’ என்னும் பொதுச்சொல்லாக வழங்கியதே. ஆதலால் கதைக்குள்ளேயே ஆர்த் ஈற்றுப் பெயர்களில் இயற்பெயருக்கும் பொதுச்சொல்லுக்கும் இடையிலான வரம்பு மெலிதாக இருந்தது. கேட்போர் செவிக்கு ரெனார்த் என்பது கூவார்த் போன்ற ஒரு சொல்லாகவே தோன்றியிருத்தல் இயல்பு. ஜெர்மனில் ரைன்ஹார்ட் என்பது அன்றும் இன்றும் ஆடவர் பெயராகவே உணரப்படுகிறது; அங்கு ‘ஹார்ட்’ இவ்வாறு இகழ்ச்சி விகுதியாகப் பரவவில்லை. இசென்கிரின், திபேர்த் என்னும் பெயர்களுக்கும் இவ்வாய்ப்பு அமையவில்லை. ஒரே கதை ஒரு மொழியில் மட்டும் இனப்பெயரை மாற்றியதற்கும், அக்கதையிலும் ஒரே பெயர் மட்டும் இனப்பெயரானதற்கும் இவ்விளக்கம் ஒருங்கே பொருந்துகிறது.

6. பெயரின் பின்வரலாறு

நரிக்குரியதான பின்னர், ரெனார் என்பது ஞானப்பெயராக அருகியது, குடும்பப்பெயராக நிலைத்தது. இக்குடும்பப்பெயரில் இரண்டு படிவுகள் கலந்துள்ளன. முன்னோன் ஒருவனின் இயற்பெயராக வந்தது ஒன்று. தந்திரத்தாலோ செம்முடியாலோ பெற்ற பட்டப்பெயராக வந்தது மற்றொன்று. ‘இயற்கை வரலாறுகள்’ என விலங்குகளைச் சொல்லோவியமாக்கிய நூலை 1896இல் வெளியிட்ட ஜூல் ரெனார் இக்குடும்பப்பெயர் தாங்கியவர்களுள் நன்கறியப்பட்டவர்.

லா ஃபோன்தேன் 1668இல் வெளியிட்ட நீதிக்கதைகளில், காக்கையின் வாயிலிருந்து பாலாடைக்கட்டியைப் பறிக்கும் நரி மரியாதை அடைமொழியுடன் மீண்டும் ஒரு மனிதன்போல் அழைக்கப்படுகிறது. பொதுப்பெயர் இவ்வாறு மறுபடியும் இயற்பெயரின் சாயல் பெற்றது. கூப்பிலின் வரலாறும் முற்றுப்பெறவில்லை. லூயி பெர்கோ எழுதி 1910இல் கோன்கூர் பரிசு பெற்ற விலங்குக் கதைத் தொகுப்பின் தலைப்பில் ‘கூப்பில்’ இடம்பெறுகிறது. அங்கு அது ஒரு தனி நரியின் இயற்பெயர். இனப்பெயர் ஒருவனுக்குரியதாகவும், ஒருவனுக்குரிய பெயர் இனப்பெயராகவும் எட்டு நூற்றாண்டுகளில் இடம் மாறிக்கொண்டன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

ரெனார்த் என்னும் பெயர் ‘அறிவுரை’, ‘வன்மை’ என்னும் பொருளுடைய இரண்டு ஜெர்மானிய உறுப்புகளால் ஆனது. அவ்வுறுப்புப்பொருள் இடைக்காலப் பிரெஞ்சு மக்களுக்கு விளங்கியதன்று. நரிக்கு அப்பெயர் அமைந்ததற்குக் காரணமும் அன்று. கழுதைக்குப் பெர்னார்த் எனப் பெயரிட்ட மரபே இதனை உறுதிசெய்கிறது.

கூப்பில் வழக்கிழந்ததும் ரெனார்த் அவ்விடத்தைப் பெற்றதும் இருவேறு நிகழ்ச்சிகள். முன்னதற்குக் காரணம், மேற்கு இலத்தீன்வழி மொழிகளில் நரியின் பழம்பெயரை விலக்கும் பொதுப்போக்கும், அச்சொல்லின் வடிவ நிலையின்மையும் ஆகும். பின்னதற்குக் காரணம், கதையின் புகழோடு அப்பெயரின் ஈறு பிரெஞ்சுச் சொல்லாக்கத்தோடு ஒத்திருந்தமை ஆகும். கதை இடத்தை உண்டாக்கவில்லை. நெகிழ்ந்திருந்த இடத்திற்கு ஆளை அனுப்பியது.

ஒரு பெயரின் பொருளைக் கூறப் புகுவோர் அதன் தோற்றத்தோடு நிறுத்திக்கொள்வது போதாது. தோற்றத்தில் இருந்த பொருள் முழுதும் அழிந்த பின்னரும் பெயர் வாழும். வழங்குவோர் அதற்குப் புதுப்பொருள் ஊட்டுவர். அவ்வழக்கின் வரலாற்றையும் சேர்த்து உரைப்பதே பெயராய்வின் கடமையாகும்.